கதவில்லாத குளியலறையும் டிசம்பர் பயணமும்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். போன ஏப்ரல் விடுமுறைக்கு மலைநாட்டுப் பக்கம் ஒரு பூட்டிக் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். இன்ஸ்டகிராமில் பார்த்த படங்களை நம்பி நான்தான் குடும்ப அறை ஒன்றை புக் பண்ணினேன். போய்ப் பார்த்தால் குளியலறைக்குக் கதவே இல்லை, கண்ணாடிச் சுவர் மட்டும். எங்களோடு வந்த மாமிக்கு 72 வயது. இரண்டு நாளும் எங்களை விறாந்தையில் நிற்கவைத்துவிட்டுத்தான் குளித்தா. கட்டிலோ நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்; அவவை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இனிமேல் பெரிய ஐந்து நட்சத்திர ஹோட்டல்தான் என்று கணவர் சொல்லிவிட்டார். எனக்கோ எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கும் அந்த அறைகளில் ஆசையில்லை. வரும் டிசம்பரில் மூன்று இரவு போக இருக்கிறோம், மாமியும் வருவா. நல்ல வடிவமைப்புள்ள, வித்தியாசமான ஓர் இடத்தை ஏமாறாமல் தெரிவு செய்வது எப்படி?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: விறாந்தைக் கதையை வாசித்துச் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை உண்டு, நானும் அகப்பட்டவள்தான்.

சில வருடங்களுக்கு முன், தெற்குக் கரையோரம் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். மெழுகிய சீமெந்துச் சுவர், கருங்கல்லில் குடைந்த கைகழுவும் தொட்டி, கட்டிலுக்கு மேலே ஒற்றை மஞ்சள் விளக்கு. தலைமாட்டில் எட்டு சுவிட்ச், எட்டும் ஒரே மாதிரி. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பி ஒன்றைத் தட்டினேன், தோட்டம் முழுக்க வெளிச்சம். அடுத்ததைத் தட்ட காற்றாடி நின்றது. மூன்றாவதில் என் வீட்டுக்காரர் எழும்பிவிட்டார். விடிந்ததும் தோய்த்த சேலையைக் காயப்போட இடம் தேடினால் அறை முழுக்க ஓர் ஆணி இல்லை, ஒரு கொழுக்கி இல்லை, கதிரைகளுக்கு முதுகும் இல்லை. கடைசியில் கலைப்பொருளாக மூலையில் நிறுத்தியிருந்த ஒரு காய்ந்த மரக்கொப்பில் போட்டேன். அறை துப்புரவாக்க வந்த பையன் பார்த்துவிட்டு, "இப்பதான் மிஸ் இதுக்கு ஒரு பிரயோசனம் வந்திருக்கு" என்று சிங்களத்தில் சொன்னான்.

உங்களுக்கும் எனக்கும் கிடைத்தது அலங்காரம். வடிவமைப்பு என்பது வேறு. வடிவமைத்த கட்டடத்தில் எதைக் காட்டி "இது ஏன் இப்படி?" என்று கேட்டாலும் ஒரு பதில் இருக்கும். வெயில் இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம், மழைத்தண்ணீர் இங்கே விழ வேண்டும், இந்தப் பாறையை உடைக்க மனமில்லை என்று ஏதாவது ஒன்று. குளியலறைக்கு ஏன் கதவில்லை என்று அந்த ஹோட்டலில் கேட்டிருந்தால் "மொடர்னாக இருக்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பூட்டிக் என்ற சொல்லை நம்பியும் பலன் இல்லை. நம் தாத்தாமார் காலத்து இலங்கை ஆங்கிலத்தில் டீ பூட்டிக் என்றால் தெருவோரத் தேத்தண்ணிக்கடை! ஹோட்டலோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது நியூயோர்க்கில் 1984இல் மோர்கன்ஸ் ஹோட்டல் திறந்த காலத்தில். பெரிய ஹோட்டல்கள் எல்லாம் விற்கும் பல்பொருள் அங்காடி என்றால் தங்களுடையது தெரிந்தெடுத்த சரக்கு மட்டும் வைக்கும் சின்னக் கடை என்பது அதை நடத்தியவர்களின் கணக்கு. இங்கே சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவில் பூட்டிக் ஹோட்டல் ஒரு தனிப் பிரிவு. ஆனால் பெயர்ப்பலகையில் எழுத யாரும் எழுதலாம், எழுதுகிறார்கள்.

அறை குறைவாக இருந்தால்தான் வடிவமைப்பு என்றும் இல்லை. இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1990களின் நடுவில் திறந்த தம்புள்ளை கண்டலம ஹோட்டலில் 150க்கு மேற்பட்ட அறைகள். அளவில் அது பூட்டிக்கே அல்ல. ஆனாலும் இந்த நாட்டில் கட்டடம் என்றால் என்ன என்று கேட்பவரை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். சிகிரியாவுக்குக் கிட்டே வேறொரு காணிதான் முதலில் பேசப்பட்டது. பாவா அதை வேண்டாம் என்று, ஹெலிகொப்டரில் சுற்றிப் பார்த்து, கண்டலமக் குளத்தின் இந்தப் பக்கத்தைத் தெரிந்தெடுத்தார். இங்கிருந்து பார்த்தால் குளத்துக்கு அப்பால், தூரத்தில், சிகிரியா. கட்டடம் மலைச்சரிவை ஒட்டி வளைந்து நீளமாகப் போகிறது, முகப்பு முழுக்கக் கொடி படர்ந்து கிடக்கிறது. உள்ளே நடந்து போகையில் திடீரென்று சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பாறை நிற்கும். தொட்டுப் பாருங்கள், நண்பகலிலும் குளிர்ந்திருக்கும்.

உங்கள் கணவரை வழிக்குக் கொண்டுவர ஒரு யோசனை. காசைக் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவரைக் கொள்ளுப்பிட்டிக்குக் கூட்டிப் போங்கள். பகத்தலே வீதிக்குப் பக்கத்தில் 33ஆம் ஒழுங்கை, 11ஆம் இலக்கம். பாவாவின் கொழும்பு வீடு. 1958இல் தொடங்கி, வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கினார். முன்கூட்டியே பதிந்தால் உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள், மேல்மாடியில் தங்கவும் வசதி உண்டு. கார் நிற்கும் இடத்தில் அவருடைய பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. கணவர்மார் அங்கேயே பாதி சமாதானமாகிவிடுவார்கள். உள்ளே நீண்ட வெள்ளை நடை. இரண்டு பக்கமும் அயல்வீட்டு மதில், யன்னல் வைக்க இடமில்லை. அப்படியென்றால் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். வானம் பார்க்கச் சின்னச் சின்ன முற்றங்கள். நாற்சார் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. மாமியையும் கூட்டிப் போனால் அவவே உங்களுக்கு விளக்கம் சொல்லுவா. அங்கே ஒரு மணித்தியாலம் செலவழித்த கண்ணுக்கு, பிறகு எந்த ஹோட்டல் படத்தைப் பார்த்தாலும் எது வேலைக்கு, எது வெறும் படத்துக்கு என்று ஓரளவு பிடிபடும்.

இனிப் படங்கள். அகல லென்ஸில் எடுத்தால் கோழிக்கூடும் மண்டபமாகத் தெரியும். கட்டிலை அளவுகோலாக வையுங்கள். பெரிய இரட்டைக் கட்டில் சுமார் ஆறடி அகலம். அதன் பக்கத்தில் சுவர் வரை இன்னொரு கட்டில் போட இடம் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டிலின் உயரத்துக்குப் பக்கத்திலுள்ள கதிரையைப் பாருங்கள். இருபது படம் போட்டு ஒன்றில்கூடக் குளியலறைக் கதவு தெரியாவிட்டால், கதவு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கினவர்கள் போன்களில் எடுத்துப் போட்ட இருட்டுப் படங்களில்தான் உண்மை இருக்கும். அவர்களுடைய விமர்சனங்களில் "அழகு, அருமை" எல்லாவற்றையும் தாண்டிப் போய் நுளம்பு, சுடுதண்ணீர், சத்தம், படி என்ற சொற்களைத் தேடுங்கள்.

பிறகு போன் எடுங்கள். மின்னஞ்சலுக்கு அழகாகப் பதில் எழுத அலுவலகத்தில் ஆள் இருப்பார். போனில்தான் அந்த இடத்தின் குணம் தெரியும். "எங்களோடு வயதானவர் வாறா. அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு எத்தனை படி?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லி, உண்மையில் திருப்பி எடுத்தால், அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தங்கலாம். "நோ ப்ரொப்ளம் மேடம்" என்று உடனே சொன்னால் யோசியுங்கள். இந்தக் கட்டடம் முன்னர் என்னவாக இருந்தது, யார் வடிவமைத்தது என்றும் கேளுங்கள். தெரிந்தவர்கள் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அந்த நாட்களில் கல்யாணம், போட்டோ ஷூட் ஏதாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். பத்து அறை ஹோட்டலில் ஒரு கல்யாணம் நடந்தால் நீங்களும் அழையா விருந்தாளிகள்தான்.

மாமி மார்கழியில் சைவமாக இருப்பா என்று நினைக்கிறேன், அதுவும் திருவெம்பாவை நாட்களில். பெரிய ஹோட்டலில் புபே இருக்கும், ஏதாவது பொறுக்கலாம். சின்ன ஹோட்டலில் அன்றைக்குச் சமைத்ததுதான் சாப்பாடு. ஆனால் இரண்டு நாள் முன்னர் சொல்லி வைத்தால், முட்டை, மாசிக் கருவாடு எதுவும் படாமல் மாமிக்கென்று தனியாக ஒரு பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைத்துத் தருவார்கள். சின்ன இடங்களை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சமையலறைகள்தான்.

காசு விஷயத்தில் இரண்டு சொல். இணையத்தில் டொலரில் காட்டும் விலை வெளிநாட்டுக்காரருக்கு. உள்நாட்டவர் கட்டணம் பல இடங்களில் தனியாக உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரிகளும் இனித்தான் வரப்போகின்றன என்று அர்த்தம். 40,000 ரூபா அறைக்கு 10 வீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 44,000. அதன் மேல் 18 வீத வற் வரி சேர்ந்தால் 51,920. மூன்று இரவுக்குப் பெருக்கிப் பாருங்கள். நத்தார் இரவுக்கும் டிசம்பர் 31க்கும் பல ஹோட்டல்கள் விசேட விருந்தைக் கட்டாயமாக்கித் தலைக்கு இவ்வளவு என்று அறவிடும். மாமி தொடப்போகாத வான்கோழிக்கும் நீங்கள் காசு கட்ட வேண்டிவரும். அந்த இரண்டு இரவையும் தவிருங்கள்.

டிசம்பர் என்பதால் இடத்தையும் பார்க்க வேண்டும். தம்புள்ளைப் பக்கமும் யாழ்ப்பாணமும் அப்போது மழைக்குள் இருக்கும். திறந்த விறாந்தைகளே அழகான கட்டடத்தில் சாரல் அடித்தால் நாள் முழுக்க அறைக்குள்தான். கண்டலமவைப் பிறகொரு தரத்துக்கு வையுங்கள். அந்த மாதத்துக்கு உகந்தது தென்மேற்குக் கரை. விலை உச்சத்தில் இருக்கும், ஆனால் வானம் வெளித்திருக்கும்.

பெந்தோட்டையில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டம் இருக்கிறது. அங்கே தங்கலாம். கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் அவர் கட்டிய, பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவின் வீட்டைப் பின்னாளில் கல் கல்லாகப் பிரித்து, இலக்கமிட்டு, கொண்டுபோய் அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதிலும் அறைகள் உண்டு. எனக்கு மிகப் பிடித்த இடம். ஆனால் தோட்டம் ஏற்ற இறக்கம். மாமியின் முழங்காலை நினைத்துத் தயங்குகிறேன். நீங்களும் கணவரும் தனியாக ஒருமுறை போங்கள்.

மாமியோடு என்றால் என் தெரிவு காலிக் கோட்டை. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டைக்குள் ஒல்லாந்தர் காலத்து வீடுகள் பல சின்ன ஹோட்டல்களாகியிருக்கின்றன. ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த மாளிகைகூட அதில் ஒன்று. தடித்த சுவர், தூண் வைத்த விறாந்தை, நடுவில் முற்றம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கதிரையைப் போட்டு இருந்தால் பின்னேரம் வரை எழும்ப மனம் வராது. ஒன்றே ஒன்று: மேல்மாடிக்குப் போகும் மரப்படிகள் சில வீடுகளில் ஏணி மாதிரிச் செங்குத்து. முற்றத்தைப் பார்த்த கீழ்த்தள அறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாமி கோட்டை மதிலில் கொஞ்சத் தூரம் நடப்பா, களைத்தால் வீடு ஐந்து நிமிடம். ஒரு பின்னேரம் காலிக்கு வெளியே லைட்ஹவுஸ் ஹோட்டலுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். அதுவும் பாவாவுடையது, 1997. நுழைந்ததும் சுழல்படி, கைப்பிடி நெடுகலும் போர்த்துக்கேயரும் சிங்களவரும் சண்டை பிடித்துக்கொண்டு மேலேறுவார்கள். லக்கி சேனாநாயக்கவின் சிற்பம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வித்தியாசமான ஹோட்டல் என்றதும் பலர் கந்தப்பளைத் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலைச் சொல்வார்கள். மூடிக்கிடந்த ஹெதர்செட் தொழிற்சாலையை இடிக்காமல், பழைய இயந்திரங்களை அப்படியே வைத்து, 1996இல் ஹோட்டலாக்கினார்கள். கட்டடத்தைக் காப்பாற்றிய விதம் அருமை. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் சிநேகிதி ஒருத்தி, பழைய தொழிற்சாலையையும் துரை பங்களாவையும் ஹோட்டலாக்கிய இடங்களில் தங்குவதற்கு இன்னும் மனம் வரவில்லை என்கிறாள். கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற அம்மாவின் முகம்தான் அவளுக்கு நினைவு வருமாம். இப்படியான இடத்துக்குப் போனால், சுவரில் தொங்கும் படங்களில் துரைமார் மட்டும்தானா, கொழுந்து பறித்தவர்களுக்கும் பெயரோடு ஓர் இடம் உண்டா என்று பார்ப்பேன். அதையும் நான் வடிவமைப்பில்தான் சேர்ப்பேன்.

பிறகொரு வருடம் கடல் கடந்தால் காரைக்குடிப் பக்கம் போங்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சுவருமாக நிற்கும் அந்தச் செட்டிநாட்டு வீடுகளில் கொஞ்சம் நம் கொழும்புச் செட்டியார் தெருக் காசும் இருக்கிறது. கானாடுகாத்தானில் விசாலம் என்றொரு ஹோட்டல், தகப்பன் மகளுக்காகக் கட்டிய வீடு.

காலிக்கு அறை இப்போதே கேளுங்கள், ஐப்பசி பிறந்தால் கீழ்த்தள அறை கிடைக்காது. பெட்டிக்குள் மூன்று முழக் கயிறும் நாலு கிளிப்பும் போட மறக்க வேண்டாம். சேலை காய மரக்கொப்பு எல்லா ஹோட்டலிலும் வைத்திருக்க மாட்டார்கள்.