புது வீட்டில் 780 யூனிட்: பினாங்கு கரண்ட் பில் கணக்கு

தம்பி, மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் கொண்டோவுக்குக் (அடுக்குமாடி வீட்டுக்கு) குடிபோன முதல் முழு மாதத்துக்கே 780 யூனிட், 300 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் பில் வந்திருக்கிறது, மீட்டர் கோளாறா அல்லது இங்கே எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மீட்டரைப் போய்ப் பாருங்கள். பில்லில் இருக்கும் ரீடிங்கும் மீட்டரில் ஓடும் எண்ணும் ஒத்துப்போகிறதா, அல்லது ஆள் வந்து பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட பில்லா என்று தெரிந்துவிடும். சாவி வாங்கிய அன்று மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. பழைய குடித்தனக்காரரின் யூனிட் உங்கள் தலையில் விழவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

ரீடிங் சரி என்றால் கணக்கு இப்படி. 2025 ஜூலை முதல், இங்கே மின்சாரம் தரும் நிறுவனமான தெனாகா நேஷனல் வீட்டு பில்லைப் பிரித்துப் போடுகிறது. மாதம் 1500 யூனிட் வரை, மின்சாரத்துக்கு 27.03 சென் (ஒரு வெள்ளிக்கு 100 சென்), உற்பத்தித் திறனுக்கு 4.55 சென், கம்பி வழியாகக் கொண்டுவருவதற்கு 12.85 சென். ஆக யூனிட்டுக்கு 44.43 சென். இதைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் பதறுகிறார்கள். ஆனால் 1000 யூனிட்டுக்குள் இருந்தால் சிக்கனத்துக்கென்று யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கழிவு (தள்ளுபடி) உண்டு. அது படிப்படியாகக் குறையும். 200 யூனிட்டுக்குள் என்றால் 25 சென், 551 முதல் 600 வரை 9 சென், உங்களைப் போல 751 முதல் 800 வரை வெறும் 4 சென். எந்தப் படியில் முடிகிறீர்களோ, அந்தக் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும்.

இதைத்தான் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 780 யூனிட்டுக்கு 315 வெள்ளி. 600-ஐத் தாண்டியதால் மாதக் கட்டணம் 10 வெள்ளி சேர்ந்து 325. அதற்கு மேல் வரி, எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் கூடிக் குறையும் ஒரு தொகை. அதே வீட்டில் 580 யூனிட் ஓடியிருந்தால் ஏறக்குறைய 205 வெள்ளிதான். அந்த 10 வெள்ளியும் இல்லை, சேவை வரியும் இல்லை, எரிபொருள் தொகையும் இல்லை. 200 யூனிட் குறைத்தால் 120 வெள்ளி மிச்சம். அதனால் உங்கள் குறி 600-க்குள் நிற்பதுதான்.

அந்த 200 யூனிட் பெரும்பாலும் ஏர்கோனில்தான் (ஏசியில்) இருக்கும். ஊரில் கோடை மாதங்களில்தான் ஏசி. இங்கே மார்கழியிலும் ஓடும். நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். ஹாலில் இருக்கும் பழைய ஒன்றரை எச்பி (குதிரைத்திறன்) ஏர்கோன், இன்வெர்ட்டர் இல்லாதது, கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். வேலை மேசையை ஒரு எச்பி ஏர்கோன் இருக்கும் சின்ன அறைக்கு மாற்றுங்கள், 25 டிகிரியில் வைத்து மேலே ஃபேனைப் போடுங்கள். வாடகை வீடுகளில் ஏர்கோன் சர்வீஸ் பார்த்து எத்தனை காலம் ஆனதோ யாருக்குத் தெரியும்! தூசி அடைத்த மெஷின் எவ்வளவு ஓடினாலும் அறை குளிராது. சர்வீஸ் செலவு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். குடி வருவதற்கு முன்பே கெட்டுக் கிடந்தது என்றால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். வாட்டர் ஹீட்டர் அந்த அளவுக்கு இல்லை. 3.6 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட்தான், குளித்ததும் சுவிட்சை அணைத்தால் போதும்.

ஊர் பில்லோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், அதில் 100 யூனிட் இலவசம். இந்தக் கணக்கே வேறு.

அப்புறம், நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற திட்டத்துக்கு மாறலாமா என்றும் கேட்டீர்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மாறலாம். ஆனால் அதில் வேலை நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை விலை அதிகம். பகல் முழுக்க வீட்டில் ஏர்கோன் போட்டு உட்காரும் உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். இரண்டு மாதம் தெனாகா செயலியில் தினசரி யூனிட்டைப் பாருங்கள், ஒரு நாளைக்கு 19-க்குள் நின்றால் 600-ஐத் தாண்டாது.