திருத்திய நேரம் ஏன் நகரவில்லை? ஜாங்கோ கேள்வி-பதில்

கேள்வி: ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) மாடலில், திருத்திய நேரத்தைத் தானாகப் பதியும் ஆட்டோ_நவ் போட்டிருக்கிறேன். பல ரெக்கார்டுகளின் நிலையை ஒரே அப்டேட்டில் மாற்றினேன். நிலை மாறிவிட்டது, திருத்திய நேரம் மட்டும் பழையபடியே நிற்கிறது. ஏன்?

பதில்: ஆட்டோ_நவ் வேலை செய்வது, ஒரு ரெக்கார்டைச் சேமிக்கும் சேவ் மெத்தட் ஓடும்போதுதான். குவெரிசெட்டின் (தேர்ந்தெடுத்த ரெக்கார்டுகளின் தொகுப்பு) அப்டேட் நேரே எஸ்கியூஎல்லாகி டேட்டாபேஸுக்குப் போய்விடும். சேவ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் அப்டேட்(நிலை="முடிந்தது", திருத்திய_நேரம்=டைம்சோன்.நவ்()) என்று நேரத்தையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

இதைவிட நைசாகக் கழுத்தறுப்பது சேவ்(அப்டேட்_ஃபீல்ட்ஸ்=["நிலை"]). சேவ் ஓடத்தான் செய்கிறது, ஆனால் பட்டியலில் இல்லாத ஃபீல்டை ஜாங்கோ தொடுவதில்லை. வேகத்துக்காக யாரோ சேர்த்த இந்த ஒரு வரியால் நேரம் உறைந்துபோயிருக்கும், எர்ரர் எதுவும் வராது. திருத்திய_நேரத்தையும் பட்டியலில் சேருங்கள்.

ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் அப்டேட்_ஆல் கதையும் இதேதான். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் கொஞ்சம் தாராளம்: அதன் மாடல் அடுக்கான எலோகுவென்ட் வழியாக மொத்தமாக மாற்றினாலும் நேரத்தைப் போட்டுவிடும், மாடலைத் தொடாமல் டிபி டேபிள் வழியாகப் போனால் போடாது. ஒரே டேபிளில் வேறு புரோகிராம்களும் எழுதுகின்றனவா? அப்போது ஃபிரேம்வொர்க்கை நம்பாமல், டேட்டாபேஸிலேயே டிரிகர் (ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் கட்டளை) வைப்பதுதான் என் கட்சி.

கேள்வி: பழைய தரவை இறக்குமதி செய்கிறேன். உருவாக்கிய நேரமாக நான் கொடுப்பதை ஆட்டோ_நவ்_ஆட் (உருவாக்கும்போது மட்டும் நேரம் பதிவது) கண்டுகொள்வதே இல்லையே?

பதில்: அப்படித்தான் செய்யும். அதை எடுத்துவிட்டு டிஃபால்ட்=டைம்சோன்.நவ் என்று வையுங்கள். நேரம் கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் இப்போதைய நேரம். கடைசியில் அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் சர்வர் கிளம்பிய நேரமே எல்லா ரெக்கார்டிலும் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் 'திருத்தப்படவில்லை' என்று காட்டலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு ஃபீல்டுகளும் தனித்தனியாகக் கடிகாரம் பார்க்கின்றன. புத்தம் புதிய ரெக்கார்டிலேயே சில மைக்ரோவினாடி வித்தியாசம் இருக்கும். அதோடு, எதையும் மாற்றாமல் சேவ் அழுத்தினாலும் திருத்திய நேரம் நகரும். உண்மையில் எது மாறியது என்று தெரிய வேண்டுமானால் தனி வரலாற்று டேபிள் வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே ரெக்கார்டுகள் உள்ள டேபிளில் உருவாக்கிய நேரத்தைச் சேர்த்தால்?

பதில்: ஆட்டோ_நவ்_ஆட் போட்டுச் சேர்த்தால் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் படி) ஒரு டிஃபால்ட் கேட்கும். டைம்சோன்.நவ் கொடுத்தால் பழைய ரெக்கார்டுகள் எல்லாம் இன்று பிறந்ததாகிவிடும். ஆட்டோ_நவ்_ஆட், டிஃபால்ட் எதுவும் இல்லாமல் முதலில் நல்=ட்ரூ மட்டும் வைத்துக் காலியாக விடுங்கள்.

கேள்வி: ஜாங்கோவின் அட்மின் பக்கத்தில் இந்த ஃபீல்டுகளையே காணோம்!

பதில்: ஆட்டோ_நவ், ஆட்டோ_நவ்_ஆட் போட்ட ஃபீல்டுகள் எடிட்டபிள் (கையால் திருத்தக்கூடியவை) அல்லாதவை. ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸில் பெயரைச் சேர்த்தால் வந்துவிடும்.