20 கிராம் ஸ்ட்ரைக்கர் செல்லாது தம்பி

கொருக்குப்பேட்டை மொட்டை மாடியில மட்டுமே கேரம் ஆடியிருக்கேன்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை வியாசர்பாடி ஓப்பன் கேரம் போட்டிக்கு உங்க 20 கிராம் ஸ்ட்ரைக்கரை எடுத்துட்டுப் போகலாமானு கேட்டிருந்தீங்க. வேணாம். விதிப்படி 15 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டமும் 4.13 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். இன்னைக்கே ஒண்ணு வாங்கி கைக்குப் பழக்குங்க.

ஆனா உங்களை அலறவைக்கப்போறது போர்டுதான். போரிக் பவுடர் தூவின போர்டுல லேசா சுண்டினாலே காய் எதிர்க்கட்டையில மோதி உங்ககிட்டயே திரும்பி வந்துடும். முதல் தடவை நான் மாடி வேகத்துல அடிச்சு, ஸ்ட்ரைக்கரே மூணு முறை பாக்கெட்ல விழுந்துச்சு. எதிர்ல ஒரு ஸ்கூல் பொண்ணு. அது சிரிக்கக்கூட இல்ல, அதுதான் வலிச்சுது. பாதி பலத்துல ஆடுங்க.

சீட்டை விட்டு எழும்பக் கூடாது, ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அது உங்க பக்கத்து ரெண்டு கோடுகளையும் தொடணும், 15 செகண்டுக்குள்ள அடிக்கணும். கட்டைவிரல் ஷாட் செல்லும்.

தோத்தா உடனே கிளம்பிடாதீங்க. கேரம்ல உலக சாம்பியன் பட்டம் ஜெயிச்ச இளவழகியோட ஏரியா அது, சும்மா வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கே ஆட்டம் தெரியும். செமி ஃபைனல்ல பின்னாடி நின்னு, சிவப்புக் காயைப் போடுறதுக்கு முன்னாடி ஃபாலோவுக்கு, அதாவது அதுக்கு அடுத்து உடனே போட வேண்டிய காயா, எந்தக் காயை ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு மட்டும் பாருங்க. கைக்குட்டை எடுத்துக்கோங்க, பவுடர் பறக்கும்னு பெரும்பாலும் ஃபேன் போட மாட்டாங்க.