சீனாவில் ஆசிரியர் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சீனாவின் சாங்ஷா நகரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த காலத்தைப் பற்றி உங்கள் கட்டுரைகளில் போகிற போக்கில் குறிப்பிடுகிறீர்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? உணவும் மொழியும்தான் பெரிய சோதனைகளா? என் தங்கைக்கு அங்குள்ள மழலையர் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை இருப்பதாக ஒரு முகவர் சொல்கிறார். வணிக விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

சாங்ஷா இருக்கும் ஹூனான் மாகாணத்துச் சமையல் காரத்துக்குப் பேர்போனது. வெளிநாட்டவர் என்று இரக்கப்பட்டு எனக்கு மட்டும் மிளகாயைக் குறைத்துப் போட்டார்கள் என்பதைத் தவிர உணவில் சொல்லிக்கொள்ளும்படியான குறை இருக்கவில்லை. மொழிக்குக் கைப்பேசி இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினால் காய்கறிக் கடைக்காரர் சலிக்காமல் அதில் பேசுவார். என்னை அலைக்கழித்ததெல்லாம், ஊருக்கே தெரிந்த செய்தி எனக்கு மட்டும் கடைசியில் வந்து சேர்ந்ததுதான்.

செப்டம்பரில் முதலாண்டு மாணவர்களுக்கான என் முதல் வகுப்புக்குப் போனபோது அறையில் ஒருவரும் இல்லை. சன்னல் வழியே பார்த்தால் மைதானத்தில் பச்சைப்புள்ளி உடுப்பில் நூற்றுக்கணக்கானோர் வெயிலில் அணிவகுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்கள் ராணுவப் பயிற்சியை முடித்த பிறகே பாடத்துக்கு வருவார்கள். அது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

விடுமுறையும் அப்படித்தான். அக்டோபர் 1 தேசிய நாளையொட்டி ஒரு வாரம் விடுமுறை விடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு பகுதியை முன்னும் பின்னுமுள்ள சனி, ஞாயிறுகளில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். எந்த ஞாயிறு வேலைநாள் என்பதை அரசு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது என்றாலும், அந்த ஞாயிற்றில் எந்தக் கிழமையின் கால அட்டவணை நடக்கும் என்பது முந்தைய இரவு வீசாட் என்ற கைப்பேசிச் செயலியில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதை அனுப்பியதும் அலுவலகம் அல்ல, வகுப்புத் தலைவி.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் வகுப்புத் தலைவர்கள் பெயரளவில் இருப்பவர்கள். அங்கே அது ஒரு பதவி. வருகைப் பதிவு, அறை மாற்றம், தேர்வுத் தேதி, நிர்வாகத்தின் சுற்றறிக்கை என்று எல்லாமே அவர் வழியாகத்தான் மாணவர்களைச் சென்றடையும். வகுப்பில் நான் கேள்வி கேட்டால் அறுபது தலைகளும் மேசையை நோக்கிக் குனியும். யாருக்கும் பாடம் புரியவில்லையோ என்று முதலில் கவலைப்பட்டேன். இடைவேளையில் இரண்டு மூன்று பேர் மேசைக்கு வந்து, அதே கேள்விக்குச் சரியான விடையைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கேள்விகளை முதல் நாளே வகுப்புத் தலைவியிடம் கொடுத்துவிட்டால் மறுநாள் கைகள் உயரும் என்ற யோசனையும் அவருடையதே. அது பலித்தது. அந்தக் குனிந்த தலைகளின் உழைப்பைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் வளாகத்துக்குள் நடக்க வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் ஆங்கிலத் தேர்வுக்காக மரத்தடிகளில் நின்று உரக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

குளிரைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ச்சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே நகரங்களில் கட்டடங்களைச் சூடாக்கும் பொது ஏற்பாடு உண்டு; பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குழாய்களில் வெந்நீர் ஓடும். சாங்ஷா அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அது கிடையாது. ஜனவரியில் நானும் மாணவர்களும் குளிர் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் நடத்தினோம், கேட்டோம்.

இன்னொரு தலைவலி தமிழர்களுக்கே உரியது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். வங்கியில் என் பெயரையும் தந்தை பெயரையும் ஒட்டி எழுதினார்கள். கைப்பேசி நிறுவனத்தில் இடைவெளி விட்டு எழுதினார்கள். இரண்டும் ஒத்துப்போகாததால் பணம் செலுத்தும் செயலி என்னை நானென்று ஏற்க மறுத்தது. நடைபாதைக் கடையிலும் சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் ஊரில், ஒரு இடைவெளிக்காக வங்கிக்கு நடையாய் நடந்தேன்.

உங்கள் தங்கையின் விஷயத்தில் இப்படிச் சிரித்துக் கடக்க முடியாது. வேலைக்குப் போகிறவருக்கு இசட் விசா வேண்டும். போய்ச் சேர்ந்த 30 நாட்களுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வணிக விசாவில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். 2013 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குடிவரவுச் சட்டப்படி அதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. கடுமையான குற்றமென்றால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். தண்டனை முகவருக்கு எப்படியோ, வேலை செய்தவருக்கு நிச்சயம். மேலும், மொழி கற்பிக்க அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே பொதுவாக அனுமதிக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டுடன் ஆங்கில ஆசிரியர் அனுமதி பெறுவது மிகக் கடினம். நான் கற்பித்தது ஆங்கில வழியில் புள்ளியியல், அதனால் அந்தச் சிக்கல் எழவில்லை. பள்ளியின் பெயரில், உங்கள் தங்கையின் பெயருக்கு வழங்கப்பட்ட பணி அனுமதி அறிவிப்புக் கடிதத்தை முகவரிடம் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை அவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.