செபிக்கிற வீரனும் எழுந்து போகிற மருமகளும்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவுப் பக்கம். 2009இல் ஷெல் விழுந்து என் அண்ணா செத்துப்போனார். அடுத்த வருடம் கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். கணவர் வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். மாமாவுக்கு 78 வயது. அவருடைய அப்பா கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவர். மாமாவுக்குப் பழைய ஆங்கில யுத்தப் படங்கள் என்றால் உயிர். ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு முடிந்ததும் என் 13 வயது மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு படம் போடுவார். 'சார்ஜன்ட் யோர்க்' படத்தைப் பலமுறை பார்த்துவிட்டார்கள். அந்த மனிதன் பைபிளோடு மலையில் இருக்கும் காட்சி வந்தால் மாமா அழுவார். வெடிச்சத்தம் தொடங்கியதும் நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். போன கிழமை மாமா எல்லோருக்கும் முன்னால், "செபிக்கிற மனுசனைப் பார்க்கக்கூட இவளுக்கு மனமில்லை" என்று சொல்லிவிட்டார். மகனோ தானும் யோர்க் மாதிரி வரவேண்டும் என்கிறான். என் விசுவாசத்தில்தான் ஏதும் குறையா? மகனை இந்தப் படங்களைப் பார்க்கவிடாமல் தடுக்கலாமா?

– ஒரு வாசகி, கொழும்பு 13

அன்புச் சகோதரி,

உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. வெடிச்சத்தம் கேட்டதும் உங்கள் உடம்பு எழுந்துகொள்கிறது. 2009இல் அது என்ன கேட்டதோ அதை இன்னும் மறக்கவில்லை. பங்கருக்குள் இருந்து செபம் சொன்ன சனங்களுக்கு நடுவில் வாழ்ந்துவிட்டு வந்தவர் நீங்கள். செபத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு படம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே நேரம், மாமாவின் கண்ணீரையும் நான் மதிக்கிறேன். அவர் எதைப் பார்த்து அழுகிறார் என்று தெரிந்துகொண்டால் அவரோடு கதைப்பது சுலபமாகும்.

அல்வின் யோர்க் உண்மையில் வாழ்ந்த மனிதர். அமெரிக்காவின் டெனசி மலைப்பகுதியில் பிறந்த ஏழை விவசாயி. குடியும் சண்டையுமாக இருந்து, மனம் திரும்பி, கொலை செய்யக்கூடாது என்ற கட்டளையை நெஞ்சில் வைத்துக்கொண்டவர். முதல் உலக யுத்தத்துக்கு அழைப்பு வந்தபோது, என் மதம் இதற்கு இடம் தரவில்லை என்று விலக்குக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். முகாமில் மேலதிகாரிகள் பைபிளை வைத்தே அவரோடு வாதம் செய்தார்கள். லீவில் ஊருக்குப் போய், மலையில் இருந்து செபித்து, பிறகுதான் திரும்பி வந்தார். 1918 ஒக்டோபர் 8ஆம் திகதி பிரான்சின் ஆர்கோன் காட்டில், மெஷின்கன் சூட்டில் கூட வந்தவர்கள் விழுந்துகொண்டிருக்க, முன்னுக்குப் போய்ச் சுட்டார். மிஞ்சியிருந்த சிலரோடு சேர்ந்து 132 ஜெர்மன் படையினரைச் சிறைபிடித்துக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. படமெடுக்கக் கேட்டவர்களை நீண்டகாலம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒரு வேதாகமப் பாடசாலை கட்டப் பணம் தேவைப்பட்டதால் கடைசியில் சம்மதித்தார்.

மாமா அழுவது அந்த மனிதனின் மனப்போராட்டத்துக்காக என்றுதான் நான் நினைக்கிறேன். பூசைக்குப் போகிற ஒருவர், வாழ்க்கையில் எத்தனையோ முறை கடவுளுக்கும் உலகத்துக்கும் இடையில் அகப்பட்டுத் திண்டாடியவர், அந்தக் காட்சியில் தன்னைப் பார்க்கிறார். இது வெள்ளைக்காரப் படத்தில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தபோது திருச்செந்தூர் முருகனை வணங்குகிற மன்னன் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து நம் சனமும் உருகியது. சிவாஜியின் வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை மாமாவுடையது. தெய்வத்துக்குப் பணிந்தவன் மனிதனுக்குப் பணியமாட்டான் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அது கெட்ட எண்ணமும் இல்லை.

ஆனால் யோர்க் படம் எப்போது வந்தது என்று பாருங்கள். 1941 நடுப்பகுதி. ஐரோப்பாவில் யுத்தம், அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை. இறங்கலாமா கூடாதா என்று ஊரெல்லாம் வாக்குவாதம். அந்த நேரத்தில், கொல்லமாட்டேன் என்ற ஒரு பக்தன் மனம் மாறித் துப்பாக்கி எடுப்பதைத் திரையில் காட்டினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த படமாக அது ஆனது. யோர்க்காக நடித்த கரி கூப்பருக்கு ஒஸ்கார் கிடைத்தது. யுத்தத்துக்கு ஆள்சேர்க்கிற பிரசாரம் இது என்று செப்டெம்பரில் அமெரிக்க செனட் சபையின் விசாரணையிலேயே ஹொலிவூட் மீது குற்றம் சாட்டினார்கள். அதில் அடிபட்ட பெயர்களில் யோர்க் படமும் ஒன்று. டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது, அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது. அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

மலைக்காட்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். யோர்க் யோசித்துக்கொண்டு இருக்கிறார். காற்று வந்து பைபிளின் பக்கங்களைப் புரட்டுகிறது. சீசருக்கு, அதாவது நாட்டை ஆள்பவனுக்கு, உரியதைச் சீசருக்குக் கொடுக்கச் சொல்கிற வசனம் கண்ணில் படுகிறது. உண்மையான மனிதர் எத்தனையோ நாள் மனம் வெந்து எடுத்த முடிவு, படத்தில் ஒரு காற்றால் முடிந்துவிடுகிறது. கடவுளே பக்கத்தைத் திருப்பிவிட்டால் பார்க்கிறவனுக்குக் கேள்வி கேட்க இடமேது? மாமாவுக்கு இந்த இடத்தில் கண் கலங்கும். உங்கள் மகனுக்கு இந்த இடத்தில்தான் ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும். அந்தக் காற்று வேறு பக்கத்தைத் திருப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும், தம்பி?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யோர்க் எதிர்கொண்ட ஜெர்மன் படையில் எத்தனையோ பேருடைய இடுப்புப் பட்டியின் கொக்கியில் "கடவுள் எங்களோடு" என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருந்தது. அவர்களுக்கும் செபம் இருந்தது, வீட்டில் அவர்களுக்காகச் செபிக்கிற தாய் இருந்தாள். படம் யாருடைய செபத்தைக் காட்டுகிறதோ அவனுக்காக நாம் அழுகிறோம். மற்றவன் விழுவதை எண்ணிக்கையாகப் பார்க்கிறோம். நீங்கள் குசினிக்குள் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விழுகிறவன் பக்கத்தில் நின்று யுத்தத்தைப் பார்த்த ஆளால் அந்த எண்ணிக்கையை ரசிக்க முடியாது. அந்தக் கண் மாமாவுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அதை ஒளிக்க வேண்டாம்.

மகனைத் தடுக்கலாமா என்று கேட்டீர்கள். தடுக்க வேண்டாம். தடுத்தால் தாத்தாவோடு ஒளித்துப் பார்ப்பான், படம் இன்னும் பெரிதாகத் தெரியும். அதைவிட இன்னொரு படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். 1930இல் வந்த 'ஓல் குவயட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தை மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அதில் போல் என்ற ஜெர்மன் இளைஞன், ஷெல் விழுந்த குழிக்குள் ஒரு பிரெஞ்சுப் படையினனைக் கத்தியால் குத்திவிட்டு, இரவு முழுக்க அவன் பக்கத்தில் இருந்து, செத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுவான். அந்தப் படம் பேர்ளினில் ஓடியபோது ஹிட்லரின் நாட்சிக் கட்சியினர் தியேட்டருக்குள் நாற்றக் குண்டுகளை எறிந்து, வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் படத்துக்கே தடை வந்தது. எதிரிக்காக அழுகிற வீரனைப் பார்க்க அவர்களால் முடியவில்லை.

போலாக நடித்தவர் லூ எயர்ஸ். அவருடைய கதையை மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1942இல் அவருக்கே அழைப்பு வந்தபோது, ஆயுதம் தூக்க என் மனச்சாட்சி விடவில்லை என்று மறுத்தார். முன்பு அவரைக் கொண்டாடிய அதே சனம் கொதித்தது. பல தியேட்டர்கள் அவர் நடித்த படங்களைப் போட மறுத்தன. மறுத்தவர்களுக்கான முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து நியூகினியிலும் பிலிப்பைன்சிலும் காயப்பட்டவர்களைப் பராமரித்தார், படைக் குருவானவருக்கு உதவியாளராக இருந்தார். யோர்க்கும் எயர்ஸும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் வேறு. இரண்டு பேருக்கும் பயத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், தன்னைக் கொண்டாடிய ஊரே முகத்தைத் திருப்பும் என்று தெரிந்து நின்ற எயர்ஸுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நெஞ்சுரம் தேவைப்பட்டிருக்கும். மகன் தான் யார் மாதிரி வருவது என்பதை இந்த இரண்டு பேரையும் தெரிந்துகொண்டு யோசிக்கட்டும்.

நம் நாட்டிலேயே எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்', 1957. கித்துல்கலவில், களனி ஆற்றில் பாலம் கட்டி, வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கினார்கள். அதே ஆறுதான் உங்கள் பக்கத்தில் மட்டக்குளியில் கடலில் விழுகிறது. அதில் வருகிற பிரித்தானியக் கேணல், ஜப்பானியரிடம் கைதியாக இருந்தும் கட்டுப்பாடு, கடமை, படையின் மானம் என்று நின்று, கடைசியில் எதிரிக்கே உறுதியான ரயில் பாலம் கட்டிக்கொடுக்கிறான். தன் கடமையையே தெய்வமாக்கிவிட்டவன் எவ்வளவு தூரம் வழிதவறுவான் என்று இந்தப் படம் காட்டுவதுபோல வேறு படம் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தப் படம் காட்டாதது ஒன்று உண்டு. 1942, 43இல் ஜப்பானியர் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீற்றர் ரயில்பாதையில் நேசநாட்டுக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிக எண்ணிக்கையில் வேலை செய்தவர்கள் ஆசியக் கூலித் தொழிலாளர்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டுபோன தமிழர் ஏராளம். கொலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் இன்றும் சொல்வது இதைத்தான். அந்தத் தொழிலாளர் குடிசைகளில் இரவில் முருகா, மாரியம்மா என்று முனகியவர்களுக்கு ஒஸ்கார் வாங்கிய அந்தப் படத்தில் இடம் கிடைக்கவில்லை. இதை மகனுக்கு மாமா சொல்லட்டும். தாத்தா சொல்கிறபோது அவன் கேட்பான்.

மாமாவோடு எப்படிக் கதைப்பது? படம் ஓடும்போது வேண்டாம். எல்லோருக்கும் முன்னாலும் வேண்டாம். ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் இருங்கள். "மாமா, அந்த மனுசன் செபிக்கிறது எனக்குப் பிடிக்கும். வெடிச்சத்தம் வந்தால் அண்ணா விழுந்த நாள் வந்துவிடுது. அதுதான் எழும்பிப் போறனான்" என்று நேராகச் சொல்லுங்கள். 78 வயது மனிதருக்கு இது விளங்கும். அவர் சொன்ன சொல் உங்களை நோகவைத்தது என்பதையும் விடாமல் சொல்லுங்கள். மரியாதைக்காக அதை விழுங்கிக்கொண்டிருந்தால் அடுத்த ஞாயிறும் அதேதான் நடக்கும்.

அப்புறம் அவரிடம் ஒன்று கேளுங்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. துறைமுகம்தான் முக்கிய இலக்கு. சனம் பூசைக்குப் போகிற நாள். அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் நகரத்தை விட்டு ஓடின. துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய அப்பா அன்றைக்கு எங்கே இருந்தார், அம்மா என்ன செய்தார், வீட்டில் அதைப் பற்றி என்ன கதைத்தார்கள்? மாமா அப்போது பிறக்கவில்லை, ஆனால் கேட்டு வளர்ந்திருப்பார். அவர் குடும்பமும் ஆகாயத்தைப் பார்த்துப் பயந்த குடும்பம்தான் என்பது அந்தக் கதையில் வெளியே வரும். உங்களுக்கும் அவருக்கும் இடையில் கதைக்க ஓர் இடம் கிடைக்கும்.

விசுவாசம் பற்றி அவர் வாதாடினால், செபஸ்தியாரை நினைவுபடுத்துங்கள். கந்தானைத் திருவிழாவுக்குப் போகாத கொழும்புக் கத்தோலிக்கர் குறைவு. செபஸ்தியாரும் படைவீரர்தான். அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று எந்தச் சுரூபமும் சொல்வதில்லை. உடம்பில் பாய்ந்த அம்புகளோடுதான் அவரை வணங்குகிறோம். மாமாவுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மகனுக்கு உங்கள் அண்ணாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாவிட்டால், சாவிலிருந்து தொடங்காதீர்கள். மாமன் என்ன படித்தார், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்தார், உங்களோடு எதற்குச் சண்டை போட்டார் என்று தொடங்குங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லவும் தேவையில்லை. 13 வயதில் அவன் தாங்கக்கூடியது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக உங்கள் உடம்பு பற்றி. சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பது, இரவில் நித்திரை குழம்புவது, கனவில் எழும்புவது என்று இருந்தால் அதைப் பாவம் என்றோ பலவீனம் என்றோ நினைத்துப் பங்குச் சுவாமியிடம் மட்டும் சொல்லிவிட்டு இருக்க வேண்டாம். வைத்தியரிடமும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்துக் கதைக்கலாம். ஞாயிறு மத்தியானங்களில் நீங்கள் அந்தக் கதிரையில் இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. கணவரிடம் சொல்லிவிட்டு அந்த இரண்டு மணித்தியாலம் வெளியில் எங்காவது போய்வாருங்கள். வந்த பிறகு, இன்றைக்குப் படத்தில் யார் செபித்தார்கள், யார் செபித்தது காட்டப்படவில்லை என்று மகனிடம் கேளுங்கள். மாமாவும் பதில் சொல்ல வருவார் என்றுதான் நினைக்கிறேன்.