சாலொமோனின் ஆலயம்: கேட்டவையும் சொன்னவையும்

எருசலேமில் இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் கட்டியதாக வேதாகமம் சொல்லும் முதல் ஆலயத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பொதுவாகக் குழம்புகிற ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். முதல் ஆலயத்தை கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எரித்தார்கள். அதே இடத்தில் இரண்டாம் ஆலயம் கி.மு. 515 வாக்கில் எழுந்தது. பிற்காலத்தில் ஏரோது ராஜா அதைப் பெரிதாக்கினான், கி.பி. 70இல் ரோமர்கள் இடித்தார்கள்.

கேள்வி: சார், படங்களில் மலை மாதிரி காட்டுகிறார்களே. நிஜத்தில் எவ்வளவு பெரியது?

1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தின்படி நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. முழத்துக்கு ஒன்றரை அடி வைத்தால் 90 அடி, 30 அடி, 45 அடி. முன்னால் 15 அடிக்கு ஒரு மண்டபம். அவ்வளவுதான். சாலொமோன் தனக்குக் கட்டிக்கொண்ட 'லீபனோன் வனம்' என்ற மாளிகை மட்டுமே 150 அடிக்கு 75 அடி! ஆலயத்துக்கு 7 வருஷம், அரண்மனைக்கு 13 வருஷம் என்று அடுத்தடுத்த வசனங்களில் வருகிறது. எழுதியவர் சும்மா தகவல் சொல்கிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் அளவு சிறியதாக இருப்பதில் அதிசயம் இல்லை. அது சபை கூடும் கட்டடம் அல்ல, தேவன் தங்கும் வீடு. எத்தனை பேர் உட்காரலாம் என்ற கேள்வியே அங்கே எழாது.

கேள்வி: அப்படியானால் ஜனங்கள் எங்கே நின்று கும்பிட்டார்கள், அண்ணா?

வெளிப் பிராகாரத்தில், திறந்த வானத்தின் கீழ். பலி, புகை, பாட்டு, கூட்டம் எல்லாம் அங்கேதான். 2 நாளாகமம் சொல்லும் வெண்கலப் பலிபீடம் 30 அடி சதுரம், 15 அடி உயரம். கட்டடத்தின் அகலமும் அதே 30 அடிதான், ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே பரிசுத்த ஸ்தலத்தில் பத்து குத்துவிளக்குகள், சமுகத்தப்ப மேசை (தேவனுக்கு முன்பாக அப்பம் வைக்கும் மேசை), தூபபீடம். அங்கே ஆசாரியர்களுக்கு மட்டும் வேலை. அதற்கும் உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம்.

பொருள்களையும் கவனியுங்கள். வெளியே வெண்கலம், உள்ளே பொன். வெளியே வெயில், கடைசி அறையில் இருட்டு. காரிருளில் வாசம்பண்ணுவேன் என்று கர்த்தர் சொன்னதாக சாலொமோனே பிரதிஷ்டையின்போது சொல்கிறார் (1 இராஜாக்கள் 8:12). நெருங்க நெருங்க ஆள் குறையும், ஒளியும் குறையும். இந்தப் படிநிலைதான் இந்த ஆலயத்தின் இறையியல். மற்றதெல்லாம் அதன் மேல் செய்த அலங்காரம் என்பேன்.

கேள்வி: விக்கிரகம் கூடாது என்று கட்டளை கொடுத்துவிட்டு, உள்ளேயே இரண்டு கேருபீன் சிலைகள் வைத்தது எப்படி?

வந்ததில் நல்ல கேள்வி இதுதான். கேருபீன் என்றதும் கன்னம் உப்பிய குழந்தைத் தேவதூதர்களை நினைக்காதீர்கள், அது ஐரோப்பிய ஓவியர்கள் செய்த வேலை. பண்டைய மேற்காசியச் சிற்பங்களில் இந்த வகைக் காவல் உருவங்களுக்குப் பெரும்பாலும் சிங்கம் அல்லது காளையின் உடல், பறவையின் சிறகு, மனித முகம். ராஜாவின் சிங்காசனத்துக்கு இருபுறமும் அவை நிற்கும். மெகித்தோ என்ற பழைய நகரத்தில் கிடைத்த ஒரு தந்தச் செதுக்கலில் இப்படிச் சிறகுள்ள மிருகங்கள் தாங்கும் ஆசனத்தில் ஒரு ராஜா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

சாலொமோனின் கேருபீன்கள் ஒலிவமரத்தில் செய்து பொன் தகடு போர்த்தவை. ஒவ்வொன்றும் 15 அடி உயரம், சிறகு விரித்தால் 15 அடி அகலம். இரண்டும் சேர்ந்து 30 அடி அறையைச் சுவருக்குச் சுவர் நிரப்பின. அந்தச் சிறகுகளின் கீழே உடன்படிக்கைப் பெட்டி. பெட்டிக்குள் பத்துக் கட்டளைகள் எழுதிய இரண்டு கற்பலகைகள் மட்டும்.

காவலர்கள் இருக்கிறார்கள், ஆசனம் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவருக்கு உருவம் இல்லை. சுற்றியிருந்த நாடுகளில் தெய்வத்தின் சிலை நிற்கும் அதே இடத்தை இங்கே வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். கேருபீன்களை யாரும் வணங்கவில்லை. ஆகவே கட்டளை மீறப்படவில்லை என்பது வழக்கமான பதில். இன்னும் ஒரு படி மேலே போய், கட்டளை என்ன சொல்கிறது என்பதை அந்த அறையே மரத்திலும் பொன்னிலும் காட்டுகிறது என்று நான் சொல்வேன்.

கேள்வி: பிரதான ஆசாரியர் உள்ளே செத்துவிட்டால் இழுப்பதற்குக் காலில் கயிறு கட்டி அனுப்புவார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா, ஐயா?

ஐந்தாறு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்! வேதாகமத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அவர் உள்ளே போகும் பாவநிவிர்த்தி நாளின் சடங்குகளை நுணுக்கி நுணுக்கி எழுதிய மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. கயிற்றுக் கதை ஆலயம் அழிந்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, இடைக்கால யூத மறைஞான நூலான சோஹாரில் வருகிறது. போதகர்களுக்குப் பிடித்த கதை, அதனால் சாகாமல் இருக்கிறது.

சரி, உண்மையில் என்ன நடந்தது? பாவநிவிர்த்தி நாளில், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும், பிரதான ஆசாரியர் பொன் அலங்கார உடையைக் கழற்றிவிட்டு சாதாரணச் சணல்நூல் அங்கி போட்டு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவார். முதலில் தூபப் புகை அறையை நிரப்ப வேண்டும். பிறகு இரத்தம் தெளிப்பார். யார் மேல்? மனிதர் மேல் அல்ல, கிருபாசனம் என்ற பெட்டி மூடியின் மேலும் அதற்கு முன்பாகவும். லேவியராகமம் 16:16ஐப் படித்துப் பாருங்கள், ஜனங்களின் தீட்டினிமித்தம் பரிசுத்த ஸ்தலத்துக்கே நிவிர்த்தி செய்யச் சொல்கிறது. ஊரில் நடக்கும் அநியாயம் தேவனுடைய வீட்டில் கறையாகப் படிகிறது, அது சேர்ந்துகொண்டே போனால் அவர் அங்கே தங்கமாட்டார் என்பது இதன் அடியில் உள்ள எண்ணம். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 10, 11ஆம் அதிகாரங்களில் கர்த்தருடைய மகிமை ஆலயத்தை விட்டு எழும்பிப் போகிறதே, அதைத்தான் எல்லாரும் பயந்தார்கள்.

கேள்வி: யாகீன், போவாஸ் தூண்கள் எதற்கு?

ஆலய மண்டபத்தின் முன் இருந்த இரண்டு வெண்கலத் தூண்கள், 27 அடி உயரம், மேலே மாதுளம்பழ வேலைப்பாடு. கூரையைத் தாங்கினவா, தனியாக நின்றனவா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. ராஜாவின் சடங்குகளுக்கும் தூணுக்கும் தொடர்பு இருந்தது. யோவாசுக்கு முடிசூட்டியபோது முறைமையின்படி அவன் தூண் அருகே நின்றான், யோசியாவும் தூண் அருகே நின்றுதான் உடன்படிக்கை செய்தார்.

கேள்வி: வெண்கலக் கடல் என்ற வட்டத் தொட்டி குறுக்கே 10 முழம், சுற்றளவு 30 முழம். அப்படியானால் பை (π) 3 ஆகிவிடுகிறதே?

முழு எண்ணில் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். அதைக் காப்பாற்ற விளிம்பின் தடிமனை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு என் வாழ்த்துகள். எனக்குச் சுவாரசியமானது அதன் கதைதான். பன்னிரண்டு வெண்கலக் காளைகள் தாங்கிய தொட்டி அது. யூதாவின் ராஜா ஆகாஸ் அசீரியாவுக்குப் பயந்த காலத்தில் காளைகளை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கல்தளத்தில் வைத்தான். கடைசியில் பாபிலோனியர் அதை உடைத்து வெண்கலமாக அள்ளிப் போனார்கள்.

கேள்வி: இது பக்கத்து நாட்டுக் கோயில்களின் காப்பி என்கிறார்களே?

வடிவம் பொதுவானது, அதில் மறைக்க ஒன்றும் இல்லை. மரமும் தச்சரும் வடக்கே இருந்த தீரு என்ற துறைமுக நகரத்தின் ராஜா ஈராம் அனுப்பியவை என்று வேதாகமமே சொல்கிறது. வடக்கு சிரியாவில் ஐன் தாரா என்ற கோயில், துருக்கியில் தெல் தயினாத், இரண்டிலும் இதே மாதிரி நீள வாக்கில் அறைக்குப் பின் அறை. ஐன் தாராவில் வாசற்படிகளில் சுமார் ஒரு மீட்டர் நீளப் பாதச்சுவடுகளைச் செதுக்கியிருந்தார்கள், தெய்வம் உள்ளே நடந்து போனதைக் காட்ட. 2018 ஜனவரியில் விமானத் தாக்குதலில் அந்தக் கோயில் பலமாகச் சேதமடைந்தது, பெரிய இழப்பு.

எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டுக்குள்ளேயே ஆராத் கோட்டையில் ஒரு சிறு கோயில் கிடைத்திருக்கிறது. அங்கும் உள்ளறையில் சிலை இல்லை, நட்டுவைத்த கல்தான். அதன் இரண்டு சிறு பீடங்களின் மேல் ஒட்டியிருந்த கரியைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்றில் சாம்பிராணி, மற்றொன்றில் கஞ்சா!

கேள்வி: சாலொமோன் ஆலயத்தின் கல் ஒன்றாவது கிடைத்திருக்கிறதா? அழுகைச் சுவர் அதுதானே?

இல்லை. இன்று ஆலயம் இருந்த மேட்டில் பாறைக் குவிமாடமும் அல் அக்சா மசூதியும் இருக்கின்றன, முறையான அகழாய்வுக்கு வழியில்லை. அழுகைச் சுவர் ஆலயச் சுவரும் அல்ல. ஏரோது மலையைச் சமப்படுத்தித் தளம் போட்டபோது கட்டிய தாங்குசுவர் அது.

கேள்வி: உடன்படிக்கைப் பெட்டி எங்கே போனது?

பாபிலோனியர் கொள்ளையடித்த பொருள் பட்டியலில் அது இல்லை. அதனால்தான் இத்தனை கதைகள். இரண்டாம் ஆலயத்தின் உள்ளறையில் பெட்டியே இல்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு அத்துமீறி உள்ளே போனான், அங்கே எந்தத் தெய்வ உருவமும் இல்லை என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதுகிறார்.

கேள்வி: நானே படிக்க விரும்புகிறேன், எங்கே தொடங்கட்டும்?

1 இராஜாக்கள் 6 முதல் 8 வரை. கையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்துக்கொண்டு அளவுகளை வரைந்துகொண்டே படியுங்கள். 8:27க்கு வரும்போது நிறுத்துங்கள். வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம் என்று கட்டியவரே கேட்கிறார். அப்புறம் லேவியராகமம் 16. நாளாகமத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுகள் சில இடங்களில் மாறும், முதலிலேயே படித்தால் தலை சுற்றும்.