ரிப்போர்ட் நார்மல், பையன் நடிக்கவில்லை

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு வயது 15. கனடாவில் படிக்கிறான். ஆறு மாதமாக வலது கை நடுங்குகிறது, வலது காலை இழுத்து நடக்கிறான். வலிப்பு மாதிரி வேறு வருகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கால் மணி நேரம் உதறுகிறான். எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர் எல்லாம் நார்மல். வீடியோவோடு இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தபோதே ஒருமுறை வந்தது, அதிலும் ஒன்றுமில்லையாம். ‘ஃபங்ஷனல்’ என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பிவிட்டார்கள். “அப்போ நடிக்கிறான்னுதானே சொல்றாங்க” என்கிறார் அக்காவின் கணவரான மாமா. அம்மாவோ காத்து கருப்பு என்று அதியமான்கோட்டை காலபைரவருக்குச் சாம்பல் பூசணி விளக்கு வேண்டியிருக்கிறார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துவரச் சொல்லட்டுமா?

பெயர் வேண்டாம், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் இல்லை, பையனைப் பார்த்ததும் இல்லை. ஆனால் டாக்டர் சொன்னதை உங்கள் மாமா தலைகீழாக எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் நிச்சயம்.

‘ஃபங்ஷனல்’ என்றால் உறுப்பு கெடவில்லை, அதை இயக்குவதில்தான் கோளாறு என்று பொருள். ஒன்றும் கிடைக்காததால் ஒட்டும் பெயரல்ல அது. அதற்கென்றே சோதனைகள் உண்டு. ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் எழுதியதை இன்றும் செய்கிறார்கள். படுக்கவைத்து, பலமில்லாத காலின் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொல்வார்கள், வராது. பிறகு நல்ல காலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து கையால் தடுப்பார்கள். இப்போது அந்தப் பலமில்லாத கால் தானாகவே கட்டிலை அழுத்தும். நரம்பும் தசையும் கெடவில்லை. அசைக்க வேண்டும் என்று முயலும்போதுதான் தடுமாறுகிறது. நடுக்கத்துக்கும் ஒன்று உண்டு: மறு கையால் தாளம் தட்டச் சொன்னால் நடுக்கம் நிற்கும், அல்லது அந்தத் தாளத்துக்கே மாறும். கள்ளனைப் பிடிக்கிற வேலை இல்லை இது. அந்தக் காலால் திரும்ப இயங்க முடியும் என்பதற்கு அத்தாட்சி. நோயாளிக்கே செய்து காட்டும் டாக்டர்களும் உண்டு. மாமாவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

முதுகில் ஊசி போட்டது எதற்கு என்று அக்காவுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் ஒரு மூளை அழற்சியை அடையாளம் கண்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பிதற்றும், வலிப்பு வரும், பேச்சு நின்றுபோகும். (அதற்கு முன் எத்தனை பிள்ளைகளை இந்த நோயோடு பேயோட்டக் கொண்டுபோனோமோ!) சீக்கிரம் பிடித்து ஸ்டீராய்டு போன்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அதுபோன்ற அழற்சி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த நீரை எடுப்பார்கள். ஆகவே, தேட வேண்டியதைத் தேடியிருக்கிறார்கள்.

“பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு, சொல்லு” என்று துருவவும் வேண்டாம். இந்தக் கோளாறுக்கு மன அழுத்தம் காரணமாக இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013இல் எடுத்துவிட்டது.

நிம்ஹான்ஸ் நல்ல இடம்தான், நம் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் கடைசிக் கோர்ட்டு. ஆனால் அங்கேயும் இதே இ.இ.ஜி.தான். சந்தேகம் தீரவில்லையென்றால் ரிப்போர்ட்டுகளை வைத்து கனடாவிலேயே இன்னொரு நரம்பியல் டாக்டரைப் பார்க்கட்டும். நடுவில் பிசியோதெரபியை நிறுத்திவிட்டு விமானம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மா பூசணி விளக்கு ஏற்றட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. பையன் காதுபட காத்து கருப்பு பேச வேண்டாம், அவ்வளவுதான். நீங்கள் தாய்மாமன், வீடியோ காலில் “கால் எப்படிடா இருக்கு?” என்று தொடங்காதீர்கள். கவனம் முழுக்கக் காலில் போனால் கால் இன்னும் மோசமாகும், பிசியோதெரபியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடக்கவைப்பதும் இதற்காகத்தான். மாங்காய் விலையைச் சொல்லுங்கள், கிரிக்கெட் பேசுங்கள்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அக்காவிடம் அதைச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றிச் சொல்லுங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்தால் போதும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. வழக்கமாக வருவதுபோல் இல்லாமல் வேறு மாதிரி வந்தாலோ, மூச்சு திணறினாலோ, அடிபட்டாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.